பதினாறு திட்டுகளைக் கடல் கொண்ட பிறகு

தனித்தீவுக் கதை என்றாலே ஒரு கப்பல் உடைய வேண்டும், ஒருவன் நீந்திக் கரையேற வேண்டும், பிறகு எப்போது மீட்கப்படுவோம் என்று அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த வாரம் நாம் போகும் தீவில் அப்படி யாரும் இல்லை. இங்கே வந்தவர்கள் தெரிந்தே வந்தார்கள். அவர்களில் ஒருவர், முதுகு பிடித்துக் கிளம்ப வேண்டியிருந்தபோது வேறு வழியின்றிப் போனார். வழி கிடைத்ததும் மறுபடி வந்தார்.

தீவின் பெயர் சுவாரோ. தென் பசிபிக்கில், குக் தீவுகளின் தலைநகரம் இருக்கும் ரரோடோங்காவிலிருந்து வடவடமேற்கே சுமார் 930 கிலோமீட்டர். 1814இல் மிகயீல் லாசரேவ் என்ற ரஷ்ய மாலுமி தன் ‘சுவோரோவ்’ கப்பலின் பெயரையே இதற்கு வைத்துவிட்டுப் போனார். தீவு என்று சொன்னாலும் உண்மையில் அது ஒரு பவளப்பாறை வளையம். நடுவில் காயல், சுற்றிலும் அங்கங்கே மணல் திட்டுகள். எல்லாத் திட்டுகளின் நிலத்தையும் ஒன்றாகக் கூட்டினாலும் நம் ஊர்ப் பெரிய தென்னந்தோப்பு ஒன்றின் அளவுதான் தேறும். மனிதர் தங்கக்கூடியது ஆங்கரேஜ் என்ற ஒரே திட்டு. நீளம் அரை மைல், அகலம் ஆயிரம் அடிக்கும் குறைவு. ஓடி ஏறி ஒளிந்துகொள்ள ஒரு மேடுகூடக் கிடையாது.

இப்படிப்பட்ட இடத்துக்கு நான்கு குழந்தைகளோடு வந்து சேர்ந்தார் ராபர்ட் டீன் ஃபிரிஸ்பி. அமெரிக்க எழுத்தாளர். பல ஆண்டுகள் புகாபுகா தீவில் கடை நடத்தியவர். அந்தத் தீவுப் பெண்ணையே மணந்துகொண்டவர். 1939இல் மனைவி காசநோயில் இறந்துபோக, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தீவு தீவாக அலைந்தார். 1942 பிப்ரவரியில் சுவாரோவைச் சூறாவளி தாக்கியபோது அவர் அங்கேதான் இருந்தார்.

அன்று அவர் செய்த ஒரு காரியத்தால்தான் பிள்ளைகள் பிழைத்தார்கள். அங்கே தமானு என்று ஒரு மரம் உண்டு. வேறொன்றுமில்லை, நம் கடற்கரைப் புன்னைதான். அதன் கிளைக் கவைகளில் பிள்ளைகளைக் கயிற்றால் கட்டிவைத்தார். தமானு வளைந்து கொடுக்கும், வேரும் விடாது. அலைகள் திட்டின் ஒரு கரையில் ஏறி மறு கரையில் இறங்கின. எல்லாம் ஓய்ந்தபோது வளையத்திலிருந்த 22 திட்டுகளில் 16 காணாமல் போயிருந்தன. மரங்களில் கட்டியிருந்த பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஜானி, 1948இல், பதின்ம வயதிலேயே தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி வெளியிட்டாள்.

அது போர்க்காலம். எதிரிக் கப்பல் நடமாட்டத்தைக் கவனிப்பதற்காக நியூசிலாந்துக் கண்காணிப்பாளர்களும் சுவாரோவில் தங்கியிருந்தார்கள். போர் முடிந்து அவர்கள் கிளம்பியபோது ஒரு குடில், மழைநீர்த் தொட்டிகள், கொஞ்சம் புத்தகங்கள், பழுதான ஒரு படகு எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. அவிழ்த்துவிட்ட பன்றிகளும் கோழிகளும் காட்டுப் பிராணிகள் ஆயின.

இந்த மிச்சங்களை நம்பித்தான் டாம் நீல் வந்தார். நியூசிலாந்துக்காரர். கடற்படையில் இருந்தவர், பிறகு தீவுகளில் கடைக்காரராகக் காலம் தள்ளியவர். சுவாரோவைப் பற்றி ஃபிரிஸ்பி சொல்லக் கேட்டு மயங்கியவர். 1945இல் ஒரு பாய்மரக் கப்பலில் வேலையாக வந்தபோது தீவை நேரில் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகும் ஏழு வருடம் கடையில் அரிசியும் சர்க்கரையும் நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். 1952 அக்டோபரில், ஐம்பது வயதாக ஒரு மாதம் இருக்கும்போது, இரண்டு பூனைகளோடு கரையிறங்கினார்.

நீலைத் ‘துறவி’ என்று எழுதாத பத்திரிகை இல்லை. அவருடைய ஒரு நாளைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. துறவிக்கு நேரம் இருக்கும், இவருக்கு இல்லை. முதலில் கூரையைப் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் குடிதண்ணீர் முழுக்கக் கூரையிலிருந்து தொட்டிக்கு வடியும் மழைதான். படகின் ஓட்டைகளை அடைத்தாக வேண்டும். தோட்டம் போடலாம் என்றால் கால் வைக்கும் இடமெல்லாம் பவளச் சுக்கான் மணல். தீவின் மற்ற பகுதிகளில் இலை மக்கிய இடங்களைத் தேடி, மேல்மண்ணைச் சுரண்டிச் சுமந்துவந்து பாத்தி கட்டினார். முளைத்ததைப் பன்றிகள் தின்று தீர்த்தன. கையில் துப்பாக்கி இல்லை. வெட்டுக்கத்தியைக் கழியில் கட்டி ஈட்டியாக்கி, இரவில் காத்திருந்து ஒவ்வொன்றாகக் கொன்றார். அதற்கும் மேல் ஒரு சிக்கல்: பூக்கள் பூத்தும் காய் பிடிக்கவில்லை. மகரந்தம் சுமக்கத் தீவில் தேனீயே கிடையாது. அந்த வேலையையும் அவர் தன் கையாலேயே செய்தார்.

இவற்றையெல்லாம்கூட வயிற்றுப்பாடு என்று சொல்லிவிடலாம். படகுத்துறை விஷயத்தை அப்படிச் சொல்ல முடியாது.

1942 சூறாவளி பழைய கல் துறையைச் சிதறடித்திருந்தது. அது இல்லாவிட்டால் நீலுக்கு ஒரு நஷ்டமும் இல்லை; சின்னப் படகை மணலில் இழுத்துவிட்டால் போதும். கப்பல் வருவதோ எப்போதோ ஒருமுறை. ஆனாலும் அந்தச் சிதைவு அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏறத்தாழ ஆறு மாதம், தன்னந்தனியாக, பவளக் கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, சுமந்து, அடுக்கினார். பெரிய கல்லை வெளியே, சின்னதை இடுக்கில் என்று கட்டி முடித்தார். முடித்த சூடு ஆறுவதற்குள் ஒரு புயல் வந்து அத்தனையையும் கலைத்துப்போட்டது. யாரும் கேட்காத துறை, யாரும் பார்க்காமல் எழுந்து, யாரும் பார்க்காமல் போயிற்று. தனக்கென்று மட்டும் வாழ வந்தவன் இந்த வேலையைத் தொட்டிருக்க மாட்டான். ஊர்ச் சத்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆள், வழிப்போக்கர் வருகிறாரோ இல்லையோ, திண்ணையைப் பூசிவைப்பானே, அந்தப் புத்தி இது.

1954இல் வேறொரு திட்டுக்குப் போன இடத்தில் நங்கூரத்தைத் தூக்கி எறிந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. வலியோடு துடுப்புப் போட்டுக் குடிலுக்கு வந்து விழுந்தவர், நாலு நாள் அசையாமல் கிடந்தார். தற்செயலாக வந்த ஒரு பாய்மரப் படகிலிருந்த இரண்டு அமெரிக்கர்கள் அவரைக் கண்டெடுத்தார்கள். நீண்ட நாள் யாருமே வராத இடத்தில் அந்த வாரம் பார்த்து ஆள் வந்ததாகக் கதாசிரியன் எழுதினால் நம்ப மாட்டோம். அந்த இருவரில் ஒருவர் ராக்ஃபெல்லர் குடும்பத்துப் பிள்ளை என்பது இன்னும் நம்ப முடியாத உண்மை. ஜூன் மாதம் ஒரு கப்பல் வந்து நீலை ரரோடோங்காவுக்குக் கொண்டுபோனது.

திரும்பிப் போக அரசாங்கம் அனுமதி தரவில்லை. அதிகாரிகளைக் குறை சொல்லவும் முடியாது. அடுத்த முறை முதுகு பிடித்தால் 930 கிலோமீட்டர் கப்பல் அனுப்ப வேண்டியது அவர்கள்தானே. மறுபடி கடை, மறுபடி தராசு. 1956இல் திருமணமும் செய்துகொண்டார். 1960 ஏப்ரலில்தான் தீவை மீண்டும் மிதித்தார். 1963 கடைசியில் அவராகவே கிளம்பினார்: முத்துச்சிப்பி எடுக்க மனிஹிகித் தீவிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள், தனியாகச் செத்துக் கிடப்போமோ என்ற பயமும் இருந்தது. தன் தீவு வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1966இல் வெளிவந்தது. 1967இல் மூன்றாம் முறையாகப் போய்ப் பத்து வருடம் இருந்தார். வயிற்றுப் புற்றுநோயோடு 1977இல் ரரோடோங்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, அந்த ஆண்டே இறந்தார்.

மறு ஆண்டு, 1978இல், சுவாரோ தேசியப் பூங்கா ஆனது. நீல் சம்பளமில்லாமல் பார்த்த வேலைக்கு இப்போது அரசாங்கமே ஆள் போடுகிறது. பெரும்பாலும் இரண்டு பேர். சூறாவளிப் பருவம் கழிந்து ஏப்ரல், மே வாக்கில் கப்பலில் இறக்கிவிடுவார்கள். அடுத்த பருவம் தொடங்குமுன் நவம்பர் வாக்கில் ஏற்றிக்கொள்வார்கள். சூறாவளிப் பருவ மாதங்களில் தீவில் யாரும் இருக்கக் கூடாது. 1942ஐ நினைத்தால் அந்த இடத்தில் புயலோடு பந்தயம் கட்ட அரசாங்கத்துக்கு மனமில்லை.

ஆகவே ஒவ்வோர் ஆண்டும் காவலர்களின் முதல் வேலை, தாங்கள் இல்லாத மாதங்களில் காற்றும் கடலும் என்ன செய்துவைத்தன என்று பார்ப்பதுதான். விழுந்த மரத்தை அறுப்பது, கூரைத் தகரத்தை ஆணியடிப்பது, தொட்டியைக் கழுவி மழைக்குத் தயார் செய்வது. அதற்குப் பின்தான் பூங்கா வேலை. உலகத்தைச் சுற்றும் பாய்மரப் படகுகள் வந்தால் கட்டணம் வாங்கி, ஆங்கரேஜ் அருகில் மட்டும் நங்கூரமிட வைப்பார்கள். மற்றத் திட்டுகளில் லட்சக்கணக்கில் ஆலாப் பறவைகளும், உலகிலுள்ள சின்ன ஃப்ரிகேட் பறவைகளில் கணிசமான பங்கும் கூடுகட்டுகின்றன. ஒரே ஒரு படகிலிருந்து எலிகள் அங்கே இறங்கினால் முட்டையும் குஞ்சும் மிஞ்சாது. கயிறு வழியாக எலி இறங்கும் என்பதால் இந்தக் கண்டிப்பு.

நீல் எதிர்த்தது பன்றியை, இவர்கள் எதிர்ப்பது எலியை. கூரையும் தொட்டியும் மட்டும் மாறவே இல்லை. ஒன்றே ஒன்றில் நீல் இவர்களைவிட ஒருபடி மேலே நிற்கிறார், அல்லது ஒருபடி பைத்தியக்காரர்: நவம்பர் வந்தாலும் அவர் கிளம்பவில்லை.

அடுத்த வாரமும் சுவாரோதான். 1855இல் இதே பாறை வளையத்தில் மோதி உடைந்த ‘ஜெம்’ என்ற திமிங்கில வேட்டைக் கப்பலையும், அதை மீட்கப் போனவர்களுக்கு மண்ணில் கிடைத்த நாணயப் பெட்டியையும் பார்ப்போம்.