கண்டியில் கிறிஸ்தவ சீடத்துவ வாழ்வு

கண்டி நகரிலும் அதைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலும் கிறிஸ்தவர்கள் தங்கள் விசுவாசத்தைக் கோவிலுக்கு வெளியே, வேலைத்தலத்திலும் வீட்டிலும் அயலவர் நடுவிலும் கடைப்பிடித்து வந்த மரபை இக்கட்டுரை விளக்குகிறது. இலங்கை மக்களில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர். அவர்களில் பெரும்பகுதியினர் மேற்குக் கரையோரத்திலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வாழ்கின்றனர். பௌத்தரின் புனிதத் தலமான தலதா மாளிகையின் ஊராகிய கண்டியில் அவர்கள் என்றைக்கும் சிறு தொகையினரே. மாளிகைக்கு அருகிலேயே 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த பரிசுத்த பவுல் ஆலயம் நிற்கிறது. ஆனால் அதற்குள் வராத பெரும்பான்மை மக்கள் கிறிஸ்தவ மார்க்கத்தைத் தெரிந்துகொண்டது அங்கு நடந்த பிரசங்கத்தால் அல்ல. தங்கள் நடுவில் வாழ்ந்த கிறிஸ்தவர்களின் நடத்தையால்தான். கண்டியின் சீடத்துவ வரலாற்றைப் படிக்கும்போது மனத்தில் கொள்ளவேண்டிய முதல் செய்தி இது. தங்கள் மதத்தையோ மொழியையோ சேராத அயலானுக்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே இங்கு மீண்டும் மீண்டும் கேள்வியாக வந்திருக்கிறது.

பெரியம்மை ஆண்டு

தொடக்கம் யோசப் வாஸ் அடிகளாரிடம் இருக்கிறது. 1651 ஏப்ரல் 21 இல் கோவாவின் பெனோலிமில் பிறந்த கொங்கணிக் குரு அவர். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றியிருந்தனர். மக்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவே இல்லாமல் இருந்தனர். 1687 இல் வாஸ் தூத்துக்குடியிலிருந்து பரதேசிக் கோலத்தில் கடல் கடந்து வந்தார். யாழ்ப்பாணத்தில் நோயில் விழுந்து, வீடு வீடாகக் கையேந்தி, சில்லாலையில் மறைவாகத் தங்கித் தமிழில் மக்களுக்குப் பணியாற்றினார். பிறகு புத்தளம் வழியாக 1692 இல் கண்டிக்குள் நுழைந்தார். போர்த்துக்கீச ஒற்றன் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் சொன்ன குற்றச்சாட்டின்மேல் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சிறையில் வைத்தான். அங்கே சிங்களம் படித்தார். காவல் தளர்ந்தபோது சிறை முற்றத்திலேயே ஓலைக்குடிசை ஒன்று கட்டிப் பூசை ஒப்புக்கொடுத்தார். கண்டி இராச்சியத்தில் ஏற்கனவே இருந்த கத்தோலிக்கர்கள் மெல்ல மெல்ல அவரிடம் வரத் தொடங்கினர். மாத்தளைப் பக்கத்து வகாக்கோட்டையில் குடியேறிய போர்த்துக்கீச வம்சாவளியினர் போன்றோர் அவர்கள்.

1696 இல் கடும் வறட்சி. மன்னன் கேட்டுக்கொள்ள, வாஸ் நகரின் திறந்த வெளியில் பீடம் அமைத்துச் செபித்ததும் மழை கொட்டியதாகக் கத்தோலிக்க மரபு சொல்கிறது. படங்களிலும் நவநாள் நூல்களிலும் அதிகம் இடம்பெறுவது இந்த நிகழ்ச்சிதான். ஆனால் சீடத்துவம் என்ற கோணத்தில் பார்த்தால் அடுத்த ஆண்டில் நடந்ததே பெரியது.

1697 இல் பெரியம்மை பரவியது. அரசனும் வசதியுள்ளோரும் நகரை விட்டு நீங்கினர். அம்மை கண்டவர்களை உறவினரே காட்டோரம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். அக்காலத்தில் அச்சம் அப்படி இருந்தது, அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வாஸ் அடிகளும் அவருடைய மருமகனான யோசப் கர்வாலோ அடிகளும் நகரிலேயே இருந்தனர். கைவிடப்பட்டவர்களைத் தேடிச் சென்று குடிசை போட்டுத் தங்க வைத்தார்கள். புண்ணைக் கழுவினார்கள், உணவு ஊட்டினார்கள், இறந்தவர்களைத் தாங்களே குழி தோண்டிப் புதைத்தார்கள். நோயாளி பௌத்தரா கத்தோலிக்கரா என்று பார்த்து எதையும் செய்யவில்லை. அரசவையில் அவர்கள்மேல் இருந்த ஐயம் இதன்பின் பெரிதும் நீங்கியது. ஒல்லாந்தரால் துரத்தப்பட்ட மதத்துக்கு ஒரு பௌத்த மன்னன் தன் நாட்டில் இடம் கொடுத்தான் என்பதையும் இங்கே நன்றியோடு குறிப்பிடவேண்டும். அந்த அடைக்கலம் இல்லையேல் வாஸின் பணியே இல்லை.

வாஸ் 1711 ஜனவரி 16 இல் கண்டியிலேயே இறந்தார். 1995 ஜனவரி 21 இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14 இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அவருக்குத் துணையாக 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதினார். தவக்காலத்தில் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் வாசிக்கப்படும் வியாகுல பிரசங்கம் அவருடையது.

தோட்டத்து உபதேசியார்கள்

ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்த மூன்று ஆண்டுகளில், 1818 இல், அங்கிலிக்கன் திருச்சபையின் சேர்ச் மிஷனரி சங்கம் இங்கு பணியைத் தொடங்கியது. அதில் நீண்ட காலம் உழைத்தவர் வில்லியம் ஓக்லி. 1835 இல் வந்தவர் 1886 இல் இறக்கும்வரை ஒருமுறைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை.

ஆனால் மலையகத் தமிழர் வாழ்வோடு நெருங்கிய பணி 1854 இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன். கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளை வரை நடந்தே வந்தனர். வழியில் மாண்டவர்கள் பலர். இத்தொழிலாளர் நடுவில் வேலை செய்யத் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து உபதேசியார்கள் வந்தனர். இவர்களைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. வெள்ளைக் குருமார் அனுப்பிய அறிக்கைகளில் இவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே வருகிறார்கள். உண்மையில் சபையை நடத்தியவர்கள் இவர்களே. தோட்டம் தோட்டமாக நடந்து, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்திலும் மாலையில் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்து வாசலிலும் பேசினார்கள். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். தோட்டப்புறத்தில் பல இடங்களில் முதல் பள்ளிக்கூடம் என்பது உபதேசியாரின் இருப்பிடமும் அதன் முன் இருந்த திண்ணையும்தான்.

இந்த மிஷனில் ஒரு முரண் தொடக்கம் முதலே இருந்தது. உபதேசியாரின் சம்பளத்துக்குப் பணம் தந்தவர்களில் முதன்மையானவர்கள் தோட்டத்துரைமார். துரை அனுமதித்தால்தான் லயத்துக்குள் நுழையலாம். தொழிலாளரை மேற்பார்க்கும் கங்காணி கடனில் கட்டிவைத்திருக்கும் ஒருவனிடம் போய் இரட்சிப்பைப் பேசும்போது, அந்தக் கடனைப் பற்றி என்ன பேசுவது? மனச்சாட்சி உள்ள எந்த உபதேசியாரும் இதை எதிர்கொண்டிருப்பார். திருச்சபை நிறுவனமாக இக்கேள்விக்கு நெடுங்காலம் பதில் தரவில்லை. 1869 இல் கோப்பிச் செடியில் இலைநோய் தோன்றியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி போய்த் தேயிலை வந்தது. லயக்காம்பரா மட்டும் அப்படியே இருந்தது.

கல்லூரியும் சுவரோவியங்களும்

1872 இல் தொடங்கிய கண்டி திரித்துவக் கல்லூரி பெரும்பாலும் மேட்டுக்குடியினரின் பள்ளி. 1904 முதல் 1924 வரை அதிபராக இருந்த ஏ. ஜி. பிரேசர் மாணவர்களைச் சமூகசேவைச் சங்கமாகத் திரட்டி நகரின் சேரிப்புறங்களுக்கு அனுப்பினார். ஆங்கிலமே மதிப்பு என்றிருந்த நாளில் சிங்களமும் தமிழும் கற்கவேண்டும் என்று வற்புறுத்தினார். தன் ஊர்க்காரனோடு அவன் மொழியில் பேசத் தெரியாதவன் அவனுக்கு எப்படி ஊழியம் செய்வான் என்பது அவருடைய எண்ணம்.

கல்லூரி ஆலயத்துக்கு 1923 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பக்கச்சுவர்கள் இல்லாமல், எம்பக்கே தேவாலயத்து மரத்தூண்களை நினைவூட்டும் செதுக்குக் கற்றூண்கள் தாங்கும் மண்டபமாக அது அமைந்தது. உள்ளே டேவிட் பெயின்ரர் தீட்டிய நான்கு சுவரோவியங்கள் உள்ளன. செபதேயுவின் மனைவி தன் பிள்ளைகளுக்கு உயர்ந்த இடம் கேட்பது, நல்ல சமாரியன், இயேசு சீடரின் கால்களைக் கழுவுவது, சிலுவை மரணம். ஆட்களின் நிறமும் முகமும் நம் நாட்டவருடையவை. சிலுவைக் காட்சியில் இயேசுவுக்குத் தாடி இல்லை, பின்னணியில் கண்டல்காடு. நான்கையும் சேர்த்துப் பார்த்தால், பதவி விரும்புவதிலிருந்து பிறர் காலைக் கழுவுவதுவரை சீடன் கடக்கவேண்டிய தூரம் முழுவதும் அந்தச் சுவர்களில் இருக்கிறது. அதிகாரத்துக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் தினமும் செபிக்கும் இடத்துக்கு இவற்றைவிடப் பொருத்தமான காட்சிகள் கிடையா.

சத்தியோதயம்

தோட்டத் தொழிலாளரின் அடிமைநிலை பற்றி உபதேசியார் காலத்தில் எழுந்த கேள்விக்குத் தெளிவான பதிலைத் தந்தது 1972 இல் கண்டியில் தொடங்கிய சத்தியோதயம் என்ற அமைப்பு. அதை நிறுவியவர் இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் (1925-2017). அப்போது கண்டி ஆயராக இருந்தவர் லியோ நாணயக்கார. ஏழைகளின் பக்கம் நிற்கும் திருச்சபையை விரும்பிய அவர், அதே ஆண்டு இறுதியில் புதிதாக அமைந்த பதுளை மறைமாவட்டத்துக்குச் சென்றார்.

சத்தியோதயம் வெறும் அலுவலகமாக நடக்கவில்லை. சிங்களவரும் தமிழரும், கிறிஸ்தவரும் பௌத்தரும் இந்துக்களும் ஒரே குழுவாக வாழ்ந்து, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக வேலை செய்யும் இடமாக அது எண்ணப்பட்டது. இது எளிதான ஏற்பாடு இல்லை. யார் சமைப்பது, எந்த மொழியில் கூட்டம் நடத்துவது, யார் எதைக் கேட்டு மனம் நோவார் என்பதெல்லாம் அன்றாடம் தீர்க்கவேண்டியவை. இனப்பகையைப் பற்றி அறிக்கை எழுதுவது ஒன்று. அந்தப் பகை வளரும் காலத்தில் மற்ற இனத்தவனோடு ஒரே வீட்டில் காலை எழுவது வேறு.

குழு கையிலெடுத்த முதன்மையான பொறுப்பு தோட்டத் தொழிலாளரின் நிலை. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியிருந்தது. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பிரித்தது. அவர்களிடம் எவரும் விருப்பம் கேட்கவில்லை. 1970களின் நடுவில் தோட்டங்கள் அரசுடைமையான காலத்தில் லயங்களில் பசி கடுமையாக இருந்தது. பட்டினியால் இறந்தவர்களும் உண்டு. சத்தியோதயத்தினர் லயங்களுக்குப் போய் நிலைமையை எழுதி வெளியிட்டனர். தோட்டப் பகுதிகளில் வேலை செய்த பல குழுக்களை ஒருங்கிணைக்கும் செயலகத்தையும் நடத்தினர். 1979 இல் உருவான இனங்களுக்கிடையிலான நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்திலும் கஸ்பர்ஸ் முன்னணியில் இருந்தார். இப்படிப்பட்ட வேலை செய்தவர்களைச் சிங்களப் பேரினவாதிகள் விடுதலைப் புலிகளின் ஆட்கள் என்றார்கள்; தமிழ்த் தரப்பில் சிலர் அவர்களை நம்பவில்லை. இரண்டு பக்கத்தாலும் ஐயுறப்படுவதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கண்டிப் பகுதியில் சிலுவை சுமப்பது என்பதற்கு இருபதாம் நூற்றாண்டில் கிடைத்த பொருள் பெரும்பாலும் இதுதான்.

கண்டியின் அங்கிலிக்கன் சபைகள் அடங்கிய குருநாகல் மறைமாவட்டத்திலும் இதே குரல் ஒலித்தது. 1962 முதல் அதன் ஆயராக இருந்த லக்ஷ்மன் விக்கிரமசிங்க, தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறைக்குப் பின் தன் மக்களுக்கு ஆற்றிய உரையில், சிங்களவர் இந்தக் குற்றத்தைத் தங்கள் குற்றமென ஒப்புக்கொண்டு தமிழரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார். சிங்கள ஆயர் ஒருவர் சிங்கள மக்களிடம் அப்போது இதைச் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது அந்த ஆண்டைக் கண்டவர்களுக்குத் தெரியும். அதே ஆண்டு அக்டோபர் 23 இல், 56 வயதில், அவர் இறந்தார்.

பயிற்சிக்கூடங்கள்

ஊழியரை உருவாக்கும் கூடங்களும் கண்டிப் பகுதியில் எழுந்தன. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1893 இல் கண்டியில் நிறுவிய பாப்பரசர் குருமடம் இந்தியா, பர்மா, இலங்கை மூன்றுக்கும் குருக்களை உருவாக்கியது. 1955 இல் அது பூனாவுக்கு மாறியது. அம்பிட்டியவில் இப்போது தேசிய குருமடம் இயங்குகிறது. பிலிமத்தலாவையில் 1963 இல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரி அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட் சபைகளின் கூட்டு முயற்சி. ஆங்கிலத்தை விட்டுச் சிங்களத்திலும் தமிழிலும் போதகர்களை ஒரே வளாகத்தில் பயிற்றுவிப்பது அதன் நோக்கம்.

அன்றாடக் கடைப்பிடிப்பு

இன்று கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களை உள்ளடக்கிய கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமைக் கோவில் புனித அந்தோனியார் பேராலயம். அந்தோனியாருக்குரிய செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுதிரி ஏற்ற வருவோரில் இந்துக்களும் பௌத்தரும் உண்டு. தோட்டங்களில் வீட்டுச் செபம் பெரும்பாலும் இரவுச் சமையல் அடுப்பில் இருக்கும்போதே நடக்கும். கொழுந்து நிறுத்துக் கொடுத்து, தண்ணீர் பிடித்து, பிள்ளையைக் குளிப்பாட்டிய பிறகு தாய்தான் செபமாலையைத் தொடங்குவாள். ஆண்கள் பின்னர் வந்து சேர்வார்கள். அயல்குடும்பங்கள் சேரும் அன்பியக் கூட்டங்கள் லயத்துக்கு லயம் மாறி மாறிக் கூடுகின்றன. பொதுச்சுவர் ஒன்றின் இருபுறமும் குடும்பங்கள் வாழும் லயத்தில் ஒரு வீட்டுச் சண்டை பத்து வீட்டுக்குக் கேட்கும். ஒரு வீட்டுச் செபமும் அப்படியே. குடியை விட்டவன், சீட்டுக் காசைச் சரியாகக் கட்டுபவன், சாவு வீட்டில் சாதி பார்க்காமல் பாடைக்குத் தோள் கொடுப்பவன் ஆகியோரை அயலார் உடனே அடையாளம் காண்கிறார்கள்.

சாதி இன்னும் தீராத குறை. திருவிருந்தில் ஒன்றாக உட்காரும் குடும்பங்கள் கலியாணப் பேச்சில் பிரிந்து நிற்பது மலையகத்திலும் உண்டு. மொழியும் அப்படியே. நகரக் கோவில்களில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் வெவ்வேறு நேரத்தில் வழிபாடு நடப்பதால், ஒரே பங்கின் சிங்களக் குடும்பமும் தமிழ்க் குடும்பமும் ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் அறியாமலே இருந்துவிட முடிகிறது. திருநாட்களுக்கு மும்மொழிப் பூசை வைப்பது, இளைஞர் பாசறைகளில் இரு மொழியினரையும் ஒரே அறையில் தங்க வைப்பது, வெசாக் தானசாலைக்குக் கிறிஸ்தவ இளைஞர் கைகொடுப்பது போன்ற சிறு முயற்சிகள் பங்குகளில் நடக்கின்றன. ஆலயத்துக்குள் கற்றதை அயல்வீட்டில் செய்து பார்க்கும் இடங்கள் இவை.