கட்டிய கூந்தலும் ஒட்டிய கூந்தலும்

அண்மைக் காலத் திருமண ஒளிப்படத் தொகுப்புகளைப் புரட்டிப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். மணமகளின் பின்னல் அவரது தாயாரின் திருமணப் படத்தில் உள்ளதைவிட நீளமாகவும் அடர்த்தியாகவும் இருக்கிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் மட்டுமல்ல, 2009இன் பின்னர் கடைத்தெருக்கள் மீண்டும் எழுந்த கிளிநொச்சியிலும் இதுவே நிலைமை. அந்தக் கூந்தலில் ஒரு பகுதி இரவல் முடி என்பதில் வியப்பதற்கு எதுவுமில்லை. இரவல் முடி நமக்குப் பழைய பழக்கம். புதியது, அந்த முடி தலையில் பசையால் ஒட்டப்படுவதுதான்.

ஒட்டுவதற்கு ஒரு மணித்தியாலம் போதும். கழற்றுவது எப்படி என்ற கேள்வி இரண்டு மாதங்கள் கழித்தே எழுகிறது. அப்போது பிய்த்து எடுப்பவர்கள் உண்டு. மண்ணெண்ணெயைத் தேடுபவர்களும் உண்டு. இதன் விளைவாகச் சொந்த முடியை இழந்தவர்களின் தொகை சிறியதல்ல என்பதால், இந்த ஒட்டுதலின் வரலாற்றையும் அதை அகற்றும் அறிவின் வரலாற்றையும் சேர்த்துப் பார்ப்பது பயனுடையது.

தமிழில் இரவல் முடிக்குச் ‘சவரி’ என்று பெயர். கவரிமா என்று நமது இலக்கியங்கள் சொல்லும் இமயப் பகுதி விலங்கின் வால்மயிருக்கும் இதே பெயர் வழங்கியது. வள்ளுவர் மானத்திற்கு உவமையாக எடுத்தாண்ட விலங்கும் அந்தக் கவரிமாவே. கோயில்களிலும் அரண்மனைகளிலும் வீசப்பட்ட சாமரமும் அதன் மயிரால் ஆனது. பின்னாளில் மனிதமுடியால் ஆன கற்றைக்கும் சவரி என்ற பெயரே நிலைத்தது. சவரியின் இலக்கணம் எளிமையானது. முடிக்கற்றையை ஒருமுனையில் நூலால் இறுக்கிக் கட்டி, சொந்தக் கூந்தலோடு சேர்த்துப் பின்னி, நுனியில் குஞ்சம் கட்டுவார்கள். மணப்பெண்ணுக்கும் ஆடல் நங்கைக்கும் சூட்டும் சடைநாகமும் இவ்வாறே நூலால் கட்டப்படுவது. இரவு படுக்கும்முன் முடிச்சை அவிழ்த்தால் எல்லாம் கையோடு வந்துவிடும். கழற்றுவதற்கென்று தனியாக ஓர் அறிவு அங்கே தேவைப்படவில்லை.

பசையோடு முடிக்கு உறவு ஏற்பட்ட இடம் நம்மிடையே அரங்கம்தான். முல்லைத்தீவின் கோவலன் கூத்தானாலும், குடாநாட்டில் நடிகமணி வி. வி. வைரமுத்து புகழ்பெறச் செய்த இசைநாடகமானாலும், பெண் வேடங்களை நெடுங்காலம் ஆண்களே ஏற்றனர். தலையில் வைத்த கொண்டை கட்டப்பட்டது. மீசையும் தாடியும் ஒட்டப்பட்டன. இதற்கு மேடைக்காரர்கள் பயன்படுத்திய ‘ஸ்பிரிட் கம்’ என்பது மரப்பிசினை மதுசாரத்தில் கரைத்த கரைசல். மதுசாரம் ஆவியானதும் பிசின் தோலில் பிடித்துக்கொள்ளும். விடியற்புறம் ஆட்டம் முடிந்ததும் ஒப்பனையைக் கலைக்கத் தேங்காயெண்ணெய் வரும். ஒட்டுமீசையை இழுத்துப் பிய்த்தால் தோலும் உரியும் என்பது எந்த அண்ணாவியாருக்கும் தெரிந்த விடயம்.

உலக வரலாற்றில் இந்தப் பழக்கம் இன்னும் பழையது. எகிப்தின் அமர்னாவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 3300 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு பெண்ணின் தலையில் சுமார் 70 இணைப்புமுடிக் கற்றைகள் இருந்ததை 2014இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள பண்டைய எகிப்தியப் பொய்முடி ஒன்று தேன்மெழுகும் மரப்பிசினும் சேர்ந்த கலவையால் பிடிப்பிக்கப்பட்டுள்ளது. மெழுகும் பிசினும் சூட்டில் இளகுபவை, எண்ணெயில் நெகிழ்பவை. ஆகவே அந்தக் காலத்துப் பசை தன்னை அகற்றும் வழியையும் கூடவே கொண்டிருந்தது எனலாம்.

ஒட்டியதை அகற்றுவதன் அடிப்படை விதியை விளங்கிக்கொள்ள எகிப்துவரை போகவேண்டியதில்லை. கிளிநொச்சி மாவட்டத்தில் கரைச்சிப் பிரதேசத்தின் அக்கராயனே போதும். குளமும் வயலும் அவற்றை அடுத்த காடும் சேர்ந்த ஊர் அது. 1996இல் சத்ஜெய இராணுவ நடவடிக்கையால் கிளிநொச்சி நகரம் பெயர்ந்தபோது நகரின் வைத்தியசாலையும் அங்கேதான் போய் இயங்கியது. வன்னிக் காட்டின் பாலைமரம் கோடையில் பழுக்கும். மஞ்சள் நிறமான அந்தச் சிறு பழத்தின் இனிமையை அறிந்தவர்களுக்கு அதன் குறும்பும் தெரியும். நான்கு பழம் தின்றால் உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தண்ணீரால் எவ்வளவு கழுவினாலும் போகாது. எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் விட்டுவிடும்.

இந்தப் பாலைமரத்திற்கு ஓர் உலகப் புகழ்பெற்ற உறவினர் உண்டு. சப்போட்டா மரமும் பாலையும் தாவரவியலில் ஒரே பேரினம். மத்திய அமெரிக்காவில் சப்போட்டாவின் பாலைக் காய்ச்சி எடுத்த ‘சிக்கிள்’ என்ற பொருளை வைத்தே 1871இல் நியூயோர்க்கின் தோமஸ் அடம்ஸ் சூயிங்கம் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். குழந்தையின் தலைமுடியில் சூயிங்கம் ஒட்டிவிட்டால் மேல்நாட்டுத் தாய்மார் நிலக்கடலை வெண்ணெய் தடவி எடுப்பார்கள். அதுவும் எண்ணெய்ப்பசையின் வேலையே. அக்கராயன் சிறுவனின் உதடும் அமெரிக்கக் குழந்தையின் தலையும் ஒரே வகைப் பாலுக்கு ஒரே வகை மருந்தைக் கண்டுபிடித்திருக்கின்றன.

வன்னிக் குடிமனைகளில் ஒட்டும் பொருட்கள் மூன்று வகை. விளாத்திப் பிசினும் முருங்கைப் பிசினும் ஒரு வகை. இவை தண்ணீரில் ஊறி இளகும். பலாப்பாலும் பாலைப்பாலும் இரண்டாம் வகை. இவை தண்ணீருக்கு அசையாதவை, எண்ணெய்க்கே இணங்குபவை. பலாப்பழம் வெட்டுமுன் கத்திக்கும் கைக்கும் தேங்காயெண்ணெய் பூசுவது இதனாலேயே. குங்கிலியம் போன்ற கட்டிப் பிசின்கள் மூன்றாம் வகை. இவற்றைக் கரைக்க மதுசாரமோ வேறு கடுமையான கரைப்பானோ வேண்டும். பசை எந்த வகை என்று அறிந்து அதற்குரிய கரைப்பானைத் தேர்வதே அகற்றுதலின் முழு இரகசியமும் ஆகும்.

1990இல் மீண்டும் போர் மூண்டபின் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை இந்த அறிவைக் கூர்மையாக்கியது. மண்ணெண்ணெய் அரும்பொருளானது. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சும் சிறிதளவு மண்ணெண்ணெயும் விட்டு விளக்கெரித்த தலைமுறை அது. சவர்க்காரம் கிடைக்காதபோது பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள். செவ்வரத்தை இலையும் சீயாக்காயும் தேசிக்காயும் தலைமுழுக்கிற்குத் திரும்பி வந்தன. பலாப்பாலை எடுப்பதற்கு மண்ணெண்ணெயைச் செலவழிப்பது அன்று ஊதாரித்தனம். இன்று மண்ணெண்ணெய் கடையில் கிடைக்கிறது என்பதற்காக அதைத் தலையில் ஊற்றுவது ஊதாரித்தனத்தைவிடப் பெரிய தவறு. அது உச்சந்தலையை எரிச்சலூட்டிப் புண்ணாக்கும், எளிதில் தீப்பிடிக்கும்.

இன்றைய ஒட்டுமுடியின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1950களின் தொடக்கத்தில் ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் கிறிஸ்டினா ஜென்கின்ஸ் என்ற கறுப்பினப் பெண், இரவல் முடியைச் சொந்த முடியோடு நிலையாகப் பிணைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவரது முறை நூலும் பின்னலும் கொண்டது. அவ்வகையில் அது நமது சவரியின் தூரத்து உறவு. பல மணித்தியாலங்கள் பிடிக்கும் அந்த வேலையைச் சுருக்கவே பின்னர் பசைகள் நுழைந்தன.

அவற்றில் முதலாவது, இயற்கை றப்பர்ப் பாலால் ஆன பசை. இந்த றப்பருக்கும் இலங்கைக்கும் உள்ள தொடர்பு பழையது. பிரேசிலில் இருந்து ஹென்றி விக்கம் 1876இல் லண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்ற விதைகளின் நாற்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹேனரத்கொடவில் நடப்பட்டன. ஆசியாவின் பெரும் றப்பர்த் தோட்டங்களின் தொடக்கம் அங்கேதான். இரண்டாவது வகை, ‘கெரட்டின்’ என்ற பெயரில் விற்கப்படும் சூட்டு ஒட்டு. பெயர் அப்படியிருந்தாலும் இதில் பெரும்பாலும் இருப்பது பொலிஅமைட் என்ற செயற்கைப் பொருள். மூன்றாவது, அக்ரிலிக் பசை பூசிய ஒட்டுநாடா.

ஒட்டப்படும் முடியில் பெரும்பங்கு நமது அயலிலிருந்தே போகிறது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். திருப்பதியில் நேர்த்திக்கடனாக இறக்கப்படும் முடியைத் தேவஸ்தானம் ஏலத்தில் விற்கிறது. பழனியிலும் திருத்தணியிலும் இறக்கப்படும் முடியும் சந்தைக்கே போகிறது. வேரும் நுனியும் ஒரே திசையில் இருக்கும்படி பிரிக்கப்பட்ட முடி சிக்காது. கலந்துபோன முடி விரைவில் சடைபிடிக்கும். மலிவான ஒட்டுமுடியைக் கழற்றும்போது ஏற்படும் தொல்லையில் பாதி இந்தச் சடையால் வருவதே.

இனிக் கழற்றும் முறைக்கு வருவோம். றப்பர்ப் பசை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பலாப்பாலுக்குச் செய்வதையே இதற்கும் செய்யவேண்டும். ஒட்டிய வரி நெடுகிலும் எண்ணெய்த்தன்மையுள்ள அகற்றியையோ, அது இல்லாதவிடத்துத் தேங்காயெண்ணெயையோ தாராளமாக விட்டு ஊறவைத்து, பசை நெகிழ்ந்தபின் விரலால் மெல்ல உருட்டி எடுக்கலாம். ஒட்டுநாடாவுக்கு மதுசாரம் கலந்த அகற்றியோ தோடம்பழத் தோல் எண்ணெய் வகையோ பொருந்தும். கெரட்டின் ஒட்டு மூன்றாம் வகை. எண்ணெய் மட்டும் அதனிடம் தோற்றுவிடும். மதுசாரம் அல்லது அசிட்டோன் அடங்கிய அகற்றியை ஒட்டின்மீது மட்டும் விட்டு, அதற்குரிய குறட்டால் நசுக்கி உடைத்துக் கீழ்நோக்கி வழுக்கி எடுக்கவேண்டும். இது அனுபவமுள்ள கைக்குரிய வேலை. அசிட்டோன் எளிதில் தீப்பற்றுவது. விளக்கு, அடுப்பு, சூட்டுக் கருவிகள் எதுவும் அருகில் இருக்கக்கூடாது. கண்ணில் படவும் கூடாது.

ஒட்டு போனபின் எஞ்சும் துகள்களைத் தலை நனைக்குமுன், முடி உலர்ந்தோ எண்ணெய்ப்பிடிப்போடோ இருக்கையில், அகன்ற பல்லுள்ள சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் படிப்படியாகச் சிக்கெடுக்க வேண்டும். சடைபிடித்த முடியில் தண்ணீர் பட்டால் சிக்கு இறுகிவிடும். கொத்தாக முடி கையோடு வருவதைக் கண்டு பலர் பதறுவதுண்டு. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை முடி உதிர்வது இயல்பு. ஒட்டுக்குள் அகப்பட்டதால் விழாமல் நின்ற முடிகள் இப்போது சேர்ந்து விழுகின்றன. வேரோடு இழுபட்ட வலியோ, தோல் சிவப்போ, நெற்றியோரத்தில் வழுக்கையோ இருந்தால்தான் மருத்துவரை நாடவேண்டும்.

அந்த வழுக்கை புதிய நோய் அல்ல. முடி தொடர்ந்து இழுபடுவதால் நெற்றியோரம் வெறுமையாவதை, இறுக்கிக் கட்டிய கொண்டையணிந்த கிறீன்லாந்துப் பெண்களிடம் கண்டு ட்ரெபிற்ஷ் என்ற மருத்துவர் 1907இலேயே எழுதிவிட்டார். தொடக்கத்தில் நிறுத்தினால் முடி திரும்ப வளரும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் வேர் வடுவாகிவிடும். றப்பர்ப்பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு முடிப்பசையே மூச்சுத்திணறல் வரையிலான ஆபத்தை உண்டாக்கியதை 2000களின் தொடக்கத்தில் மருத்துவ இதழ்கள் பதிவுசெய்தன. 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் லூசியானாவைச் சேர்ந்த ஒரு பெண் மரம், உலோகம் ஒட்டும் தெளிப்புப் பசையைத் தலைக்கு அடித்துவிட்டு ஒரு மாதம் தவித்ததை உலகமே பார்த்தது. கலிபோர்னியாவில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் பசையின் வேதியியலை முதலில் ஆராய்ந்து, அதற்கேற்ற கரைப்பானைச் சோதித்துப் பார்த்த பின்னரே அவரது தலையில் கைவைத்தார். ஒலிவ் எண்ணெயும் கற்றாழையும் அந்தக் கலவையில் இருந்தன என்பது கவனிக்கத்தக்கது.

நிற்க. வடக்கில் இன்று அழகுக்கலை பல பெண்களின் வாழ்வாதாரம். போரில் உழைப்பாளரை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் இத்தொழிலைக் கற்று, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழும் பெற்று, மணப்பெண் அலங்காரத்தால் வீட்டைத் தாங்குகிறார்கள். அவர்களைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. ஒட்டுவதற்குக் கொடுக்கும் பயிற்சியின் அளவுக்கு அகற்றுவதற்கும் கொடுக்கவேண்டும் என்பதே கோரிக்கை. வாடிக்கையாளரும் நாற்காலியில் அமருமுன் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இது என்ன பசை? எதனால் கரையும்? எத்தனை வாரத்தில், யாரிடம், எவ்வளவு செலவில் கழற்றுவது? விடை கிடைக்காவிட்டால் பழைய சவரியைக் கேட்டு வாங்கிப் பின்னிக்கொள்வதில் அழகு ஒன்றும் குறைந்துவிடாது. ஒருநாள் திருமணத்திற்கு ஒருநாள் முடிச்சே போதுமானது.