வாங் குங்வூ: ஒரு மறுமதிப்பீடு

வாங் குங்வூ (பிறப்பு 1930, சுராபாயா) மலாயாவில் உருவான சீன வரலாற்றாசிரியர். ஈப்போவில் வளர்ந்தவர். 1947இல் படிக்க நாஞ்சிங் சென்றார். உள்நாட்டுப் போர் முற்றியதால் மறு ஆண்டே திரும்பி, அப்போது சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1957இல் லண்டனில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் கோலாலம்பூரிலும் கான்பராவிலும் பேராசிரியராக இருந்தார். ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றினார் (1986–1995). சீனவியலுக்கான தாங் பரிசு 2020இல் அவருக்குக் கிடைத்தது.

கடல் கடந்து குடியேறிய சீனரைப் பற்றிய அறிஞர் என்றே உலகம் அவரைப் பெரிதும் அறிகிறது. இந்த அடையாளம் அவருக்குப் போதாது. அவருடைய சிந்தனையின் வேர், 1958இல் வெளிவந்த ‘நான்ஹாய் வணிகம்’ என்ற ஆய்வில் இருக்கிறது. கி.பி. 960 வரையிலான தென்சீனக் கடல் வணிகத்தின் வரலாறு அது. முத்தும் நறுமணப் பொருளும் மட்டுமல்ல, பௌத்த வழிபாட்டுக்கான பொருள்களும் அந்த வணிகத்தை வளர்த்தன என்பதை அவர் அதில் எடுத்துக்காட்டினார்.

பினாங்கு வாசகருக்கு இது தொலைதூரக் கதையன்று. பட்டர்வொர்த் அமைந்துள்ள செபராங் பிறையின் வடபகுதியில்தான், மாலுமித் தலைவன் புத்தகுப்தனின் சமஸ்கிருதக் கல்வெட்டை ஜேம்ஸ் லோ 1834இல் கண்டெடுத்தார். அது ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். இன்னும் வடக்கே பூஜாங் பள்ளத்தாக்கு, நம் கல்வெட்டுகள் சொல்லும் கடாரம். ஏழாம் நூற்றாண்டில் வூசிங் என்ற சீனத் துறவி அங்கே கப்பலேறி முப்பது நாளில் நாகப்பட்டினம் சேர்ந்ததை, அவர் காலத்துத் துறவி யீஜிங் எழுதி வைத்திருக்கிறார்.

குறையும் உண்டு. ‘நான்ஹாய் வணிகம்’ பெரிதும் சீன ஏடுகளையே நம்பி நிற்கிறது. 1998இல் பெலித்துங் தீவருகே கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பல், அரபுப் பாணியில் கட்டப்பட்டது. ஆயிரக்கணக்கான சீனப் பீங்கான்களைச் சுமந்திருந்தது. ஏடுகள் சுருக்கமாகச் சொல்லிப்போன கப்பல்காரர்களைப் பற்றி இனி அகழாய்வே பேச வேண்டும்.

குடியேறிய சீனர் எல்லோரையும் சீனாவின் நீட்சியாக எண்ணுவதை வாங் உறுதியாக மறுத்தார். வணிகராக வந்தவர், கூலியாக வந்தவர், இங்கேயே பிறந்தவர் என்று வகை பிரித்தே அவர்களைப் பார்த்தார். தோட்டத் தொழிலாளரையும் செட்டியாரையும் தமிழ் முஸ்லிம் வணிகரையும் ஒரே பெயரில் அடக்கிவிடும் நமக்கும் இந்தப் பார்வை மிகவும் தேவை. அவர் இதை ஏட்டோடு விட்டுவிடவில்லை. 1968இல் சையத் ஹுசைன் அலாத்தாஸ், லிம் சொங் யூ, வீ. வீரப்பன் முதலியோருடன் சேர்ந்து, இன அடிப்படையற்ற கெராக்கான் கட்சியைத் தொடங்கினார். 1969 தேர்தலில் அக்கட்சி பினாங்கு மாநில ஆட்சியைப் பிடித்தது. வாங் அதற்கு முன்பே கான்பராவுக்குச் சென்றுவிட்டார்.

அவரைத் தனியே மதிப்பிடுவது சரியாகாது. வாங் பிறந்த அதே 1930இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம், 1960களில் அதே மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாறு கற்பித்தார். பிறகு அவரும் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். சோழமண்டலக் கரை வணிகரைப் பற்றிய அவருடைய பெருநூல் 1986இல் வந்தது. வாங் சீன ஏடுகளின் வழியே தென்சீனக் கடலைப் படித்தார். அரசரத்தினம் ஐரோப்பியக் கம்பெனிகளின் ஆவணங்களிலிருந்து வங்கக் கடலின் வணிகரை மீட்டார்.