52 நாட்கள் நின்ற பேருந்துகள்: தெலங்கானா போக்குவரத்து ஊழியர்கள் கொடுத்த விலை

இந்தியாவின் தெலங்கானா மாநில வீதிப் போக்குவரத்துக் கூட்டுத்தாபனத்தின் சுமார் 48 ஆயிரம் ஊழியர்கள் 2019 ஒக்டோபர் 5ஆம் திகதி காலவரையறையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சாரதிகள், நடத்துநர்கள், பணிமனைத் தொழிலாளர்கள் என அனைவரும் இதில் இணைந்திருந்தனர். கோரிக்கைகள் மொத்தம் 26. கூட்டுத்தாபனத்தை அரசுடன் இணைத்துத் தம்மை அரச ஊழியர்களாக்க வேண்டும் என்பது அவற்றில் முதன்மையானது. அயல் மாநிலமான ஆந்திரா அவ்வாறு செய்ய முன்வந்திருந்தமை அவர்களுக்கு நம்பிக்கை அளித்தது.

அன்று மாலை 6 மணிக்குள் பணிக்குத் திரும்பாதவர்கள் தாமாகவே வேலையை விட்டு விலகியவர்களாகக் கருதப்படுவர் என முதலமைச்சர் கே.சந்திரசேகர ராவ் அறிவித்தார். பெரும்பாலானோர் திரும்பவில்லை. விசாரணையோ பணிநீக்கக் கடிதமோ இன்றி ஒரே அறிவிப்பில் பல்லாயிரம் குடும்பங்களின் வருமானம் கேள்விக்குறியானது. இலங்கையில் 1980 ஜூலை வேலைநிறுத்தத்தின்போது 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 'பதவியை விட்டு நீங்கியவர்கள்' எனக் கருதப்பட்டு வீதிக்கு வந்ததை அறிந்த எமக்கு இந்த வழிமுறை புதியதல்ல.

தனி மாநிலக் கோரிக்கைக்காக 2011 செப்டெம்பரில் தொடங்கிய பொது வேலைநிறுத்தத்தில் பேருந்துகளை நிறுத்தித் தோள்கொடுத்தவர்களும் இந்தத் தொழிலாளர்களே. அப்போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்தான் 2014இல் பிறந்த புதிய மாநிலத்தின் முதலமைச்சரானார்.

அவர்கள் ஏற்கெனவே உழைத்து முடித்த செப்டெம்பர் மாதச் சம்பளமும் கைக்கு வரவில்லை. அதனை வழங்குமாறு உயர் நீதிமன்றம் கூறியபோது, போதிய பணம் தம்மிடம் இல்லை என நிர்வாகம் பதிலளித்தது. தசரா பண்டிகை வெறுங்கையுடன் கழிந்தது. வீட்டு வாடகை, பிள்ளைகளின் கட்டணம், கடன் தவணை எதுவும் காத்திருக்கவில்லை. வேலைநிறுத்தம் தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் கம்மத்தில் ஒரு சாரதியும் ஐதராபாத்தில் ஒரு நடத்துநரும் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். அடுத்துவந்த வாரங்களில் மேலும் சிலர் அவ்வாறே இறந்தனர். வேறு சிலரை மாரடைப்பு கொண்டுசென்றது.

பயணிகளின் துயரமும் சிறியதல்ல. பாடசாலை விடுமுறை ஒக்டோபர் 19 வரை நீடிக்கப்பட்டது. தற்காலிகச் சாரதிகளைக் கொண்டு ஓட்டப்பட்ட பேருந்துகள் விபத்துகளில் சிக்கின. நகரத்தவர்களுக்கு மெட்ரோ ரயிலாவது இருந்தது; கிராமத்துக் கூலித் தொழிலாளர்களுக்கும் நோயாளிகளுக்கும் கூடுதல் கட்டணம் கேட்கும் தனியார் வாகனங்களே மிஞ்சின.

நவம்பர் 25ஆம் திகதி, கோரிக்கை நிறைவேறாமலேயே தொழிற்சங்கங்கள் போராட்டத்தைக் கைவிட்டன. மறுநாள் காலை பணிமனைகளுக்குச் சென்றவர்களைப் பொலிஸார் வாசலிலேயே தடுத்தனர். 28ஆம் திகதி இரவுதான் முதலமைச்சர் அவர்களை மீண்டும் ஏற்பதாக அறிவித்தார். இறந்தோரின் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை வழங்கப்படும் என்றார். வேலைநிறுத்த நாட்களுக்கான சம்பளமும் வழங்கப்படும் எனப் பின்னர் அறிவித்தார். அதேவேளை பேருந்துக் கட்டணம் கிலோமீற்றருக்கு 20 சதம் உயர்ந்தது. அந்தச் சுமை பயணிகளின் தலையில் விழுந்தது.

ஊழியர்களை அரச சேவையில் உள்வாங்கும் சட்டமூலம் 2023 ஓகஸ்ட் 6ஆம் திகதி, தேர்தலுக்குச் சில மாதங்கள் இருக்கையில், அதே அரசினால் சட்டசபையில் நிறைவேற்றப்பட்டது. அதனை முன்வைப்பதற்கான அனுமதியை ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் தாமதித்தபோது, ஊழியர்கள் மீண்டும் வீதிக்கு இறங்க வேண்டியிருந்தது. முடியவே முடியாது என்று 2019இல் மறுக்கப்பட்ட கோரிக்கை நான்கு ஆண்டுகளுக்குள் சாத்தியமானது. இடையில் இறந்தவர்களின் வீடுகளுக்கு அந்தச் செய்தி காலந்தாழ்த்தியே போய்ச் சேர்ந்தது.