ரயில் நின்ற நாட்களில்

நம் கல்லூரியில் 'ரயில் கோஷ்டி' என்று ஒன்று உண்டு. கும்மிடிப்பூண்டி மார்க்கமும் திருவள்ளூர் மார்க்கமும் சென்ட்ரலில் ஒன்று சேரும். ரிடையர் ஆன பிறகும் கோஷ்டி கலையவில்லை. சாயங்காலமானால் அவரவர் ஊர் ஸ்டேஷன் பெஞ்சில் ஆஜர்!

2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. மின்சார ரயில்களும் நின்றன. அக்டோபரில் அத்தியாவசியப் பணியாளருக்கு மட்டும் ஓடின. பொதுமக்கள் ஏற டிசம்பர் ஆயிற்று. 65 வயது தாண்டியவர்கள் வீட்டிலேயே இருங்கள் என்றது அரசு. திருவள்ளூர் வீரராகவர் கோயில் அமாவாசைக் கூட்டமும் இல்லை. சிப்காட் பக்கம் மாடி அறைகளில் குடியிருந்த வடமாநிலப் பையன்கள் மே மாதம் சிறப்பு ரயில்களில் ஊர் போனார்கள். வாடகை போனது ஒரு பக்கம். "மேலே ஆள் நடக்கற சத்தமே இல்லைப்பா" என்பதுதான் வீட்டுக்காரப் பெரியவர்களின் புலம்பல்.

இந்தியப் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்டில். நாமோ அப்போது எஸ்.டி.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்தபடி பேசினோம். 2016-ல் ஜியோ வந்து விலை சரிந்தது. ஆனாலும் பெரிசுகளுக்குப் போன் என்றால் பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன்தான். கொரோனாதான் வாட்ஸ்அப்பைக் கற்றுக்கொடுத்தது. அதிலும் ஒரு சங்கடம். பல வீடுகளில் இருந்தது ஒரே ஸ்மார்ட் போன்; ஆன்லைன் வகுப்பு வந்ததும் அது பேரன் கைக்குப் போயிற்று. தாத்தாவின் முறை ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான். 2021 மார்ச்சில் 60 வயதானவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியபோதும், முன்பதிவுக்கான ஓ.டி.பி.க்கு அந்தப் பேரனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

தம்பி தங்கைகளே, பூவும் விளக்குமாக நாங்கள் அனுப்பும் 'காலை வணக்கம்' படத்தைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. எங்களுக்கு அது அட்டெண்டன்ஸ். கும்மிடிப்பூண்டி நண்பன் ஒருவன், மனைவியை இழந்து தனியாக இருந்தவன், விடிகாலை ஐந்தரைக்கே முதல் ஆளாக அனுப்புவான். 2021 மே மாதம், இரண்டாவது அலை. ஒரு நாள் ஏழு மணியாகியும் அவன் வணக்கம் வரவில்லை. ஆளாளுக்குப் போன் போட்டோம், எடுக்கவில்லை. அவன் தெருக்காரர் நம்பர் எங்கள் யாரிடமும் இல்லை. நாற்பது வருஷ சிநேகிதம், பக்கத்து வீட்டு நம்பர் இல்லை! கடைசியில் ஜூனியர் பையன் ஒருவன் பைக்கில் போய்க் கதவைத் தட்டினான். ஜுரத்தில் கிடந்தவனை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான்.

மலரின் பின்பக்க முகவரிப் பட்டியலில் இந்த முறை ஒரு புதுக் கட்டம்: பக்கத்து வீட்டு போன் நம்பர். நிரப்பாதவர்கள் இன்றே வரவேற்பு மேஜையில் எழுதிக் கொடுக்கவும்.