மூக்குக் கண்ணாடியின் மகிமை

வீரனாக வேஷம் போடுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு நாலு பேரை அடித்துப் போட்டால் போதும். சாதுவைப் போல் பாசாங்கு செய்யும் வீரனாக நடிப்பதுதான் கஷ்டம். விராட நகரத்தில் பிருகன்னளையாக நாட்டியம் சொல்லிக் கொடுக்கும் அர்ச்சுனனைப் பற்றிக் கேட்கும்போது நமக்கு உண்டாகும் குதூகலத்துக்கு என்ன காரணம்? உத்தரகுமாரனுக்குத் தெரியாத ரகசியம் நமக்குத் தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான்!

இதே ரகசியத்தை அமெரிக்காவில் க்ளீவ்லாந்து நகரத்து வாலிபர்கள் இருவர் கண்டுகொண்டார்கள். ஜெர்ரி சீகல் கதை எழுதுவார். ஜோ ஷஸ்டர் படம் போடுவார். இருவருமே ஏழைகள், கூச்ச சுபாவிகள், மூக்குக் கண்ணாடிக்காரர்கள். 'இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் யார் இருக்கிறான் என்று இந்த ஊர்ப் பெண்களுக்குத் தெரிந்தால்!' என்ற ஏக்கத்தில் பிறந்தவன்தான் சூப்பர்மேன். பத்திரிகை நிருபர் க்ளார்க் கெண்ட், கண்ணாடியைக் கழற்றினால் வானத்தில் பறப்பான்.

பல வருஷங்கள் பதிப்பகங்களின் படியேறி இறங்கிய பிறகு, 1938-ல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் கதை வெளியாயிற்று. சகல உரிமைகளுக்கும் சேர்த்து அவர்களுக்குக் கிடைத்த தொகை 130 டாலர்! கதாநாயகன் கோடி கோடியாகச் சம்பாதித்தான். படைத்தவர்கள் வழக்காடிக் களைத்துப் போனார்கள். எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில், அந்த 130 டாலரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

1948-ல் எடுத்த தொடர் படத்தில், வீரன் பறக்க ஆரம்பித்தவுடன் மனிதன் மறைந்து கார்ட்டூன் சித்திரம் பறந்தது. குழந்தைகள் கைதட்டினார்கள், பெரியவர்கள் சிரித்தார்கள். 1974-ல் சால்கைண்ட் என்னும் தந்தையும் மகனும் பட உரிமையை வாங்கினார்கள். 'காட்ஃபாதர்' நாவலை எழுதிய மரியோ பூசோவைக் கதை எழுத அமர்த்தினார்கள். மார்லன் பிராண்டோவுக்குச் சில நாள் வேலைக்கு 37 லட்சம் டாலர் கொடுத்தார்கள். ஆனால் கதாநாயகன்தான் கிடைக்கவில்லை. ராபர்ட் ரெட்ஃபோர்ட், பால் நியூமன் போன்ற பெரிய நட்சத்திரங்களை அணுகிப் பார்த்தார்கள், பயனில்லை. தயாரிப்பாளரின் மனைவிக்குப் பல் வைத்தியம் செய்த டாக்டரைக்கூடக் காமிராவுக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தார்கள் என்றால் பாருங்களேன்!

டைரக்டர் ரிச்சர்ட் டானர் வந்து சேர்ந்தபோது, கையில் கிடைத்த திரைக்கதை ஒரே கேலிக் கூத்தாக இருந்தது. வழுக்கைத் தலை நடிகர் ஒருவரை வில்லன் என்று நினைத்துச் சூப்பர்மேன் பிடிக்கிற காட்சிகூட அதில் இருந்ததாம்! அதையெல்லாம் அவர் வெட்டித் தள்ளினார். 'பார்க்கிறவன் நம்ப வேண்டும்' என்பதே அவருடைய மந்திரம். தானே நம்பாத கதையைச் சொல்கிறவன் பிறரை எப்படி நம்பவைப்பான்?

நட்சத்திரம் வேண்டாம் என்றும் அவர் நினைத்தார். பிரபல நடிகர் பறந்தால், ஜனங்கள் அந்த நடிகர் பறக்கிறார் என்றுதான் சொல்வார்கள். அப்போது அகப்பட்டவர் கிறிஸ்டோஃபர் ரீவ். வயது 24, ஆறடி நாலு அங்குல உயரம், நாடக மேடை நடிகர். ஆனால் ஒல்லி! ஆடைக்குள் பொய்த் தசை வைத்துக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை. இங்கிலாந்தின் பளு தூக்கும் வீரர் டேவிட் ப்ரௌஸிடம் பயிற்சி பெற்று, ஏறக்குறைய 30 பவுண்டு எடை கூடினார்.

ஆயினும் அவருடைய வெற்றி தசையில் இல்லை. க்ளார்க் கெண்டாக நடிக்க, 1938-ல் வந்த 'ப்ரிங்கிங் அப் பேபி' படத்தில் தடுமாறும் கண்ணாடிக்காரராக வந்த கேரி கிராண்டை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். 1978 டிசம்பரில் வெளியான படத்தில் ஒரு காட்சி. காதலி லோயிஸ் அடுத்த அறையில் இருக்கிறாள். க்ளார்க் கண்ணாடியைக் கழற்றுகிறான். கூனிய முதுகு நிமிர்கிறது, குரல் கனக்கிறது. உண்மையைச் சொல்ல வாயெடுக்கிறான். அடுத்த கணம் தைரியம் போய்விடுகிறது. கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறுகிறது. தந்திரக் காட்சி ஏதுமில்லை. மனிதன் பறப்பதை நம்பியவர்கள் இங்கேதான் முதலில் நம்பினார்கள் என்பது என் கட்சி.

அப்படியானால் நடிகர் ஒருவரே போதுமா? போதாது. 1987-ல் வந்த நாலாவது படத்திலும் அதே ரீவ்தான், அதே கண்ணாடிதான். ஆனால் செலவைப் பாதியாக வெட்டி, நியூயார்க் தெருவுக்குப் பதில் இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் நகரத்தில் படம் பிடித்தார்கள். பறக்கிற காட்சியையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். படம் படுத்துவிட்டது. எடுத்தவர்களுக்கே கதையில் சிரத்தை இல்லாதபோது நடிகர் மட்டும் என்ன செய்வார், பாவம்!

முதல் படத்தின் விளம்பரத்தில் பிராண்டோவுக்கும் ஜீன் ஹாக்மனுக்கும் பிறகு மூன்றாவதாகத்தான் ரீவின் பெயர் வந்தது. ஆனால் அந்தப் படத்தில் நான் தேடிப் பார்த்த பெயர்கள் வேறு இரண்டு. படம் எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சீகல் தம் குறையைப் பகிரங்கமாக எடுத்துச் சொன்னார். அதன் பலனாக, 1975-ல் இருவருக்கும் ஆண்டுக்கு ஆளுக்கு 20,000 டாலர் உதவித் தொகையும், படைத்தவர்கள் என்ற அங்கீகாரமும் கிடைத்தன. அதற்குள் ஷஸ்டரின் கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டிருந்தது. ஆனாலும் திரையில் பெயர் வந்தது. இரண்டு கண்ணாடிக்கார வாலிபர்களின் ரகசியம் நாற்பது வருஷத்துக்குப் பிறகு ஊருக்குத் தெரிந்தது!