பெரிய கோயிலில் காலை ஏழு மணி வெயில்



அரையாண்டு விடுமுறைக்குத் தஞ்சாவூர் போகிறோம், பெரிய கோயிலை எத்தனை மணிக்குப் படம் எடுத்தால் நன்றாக வரும் என்று பழைய மாணவர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். காலை ஆறு மணிக்குக் கோயில் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள் என்பதுதான் என் பதில். கூட்டம் இருக்காது, கல் பொன்னிறமாகத் தெரியும். இது எல்லோரும் சொல்வதுதான். நான் சொல்ல வந்த காரணம் வேறு. அந்த நேரத்து வெயிலில்தான் சுவரில் உள்ள எழுத்துகளைக் கண்ணால் படிக்க முடியும்.

கல்வெட்டு எழுத்தின் ஆழம் மிகக் குறைவு. உச்சி வெயிலில் சுவர் வெறும் சுவராகத் தெரியும். வெயில் பக்கவாட்டில் சாய்ந்து சுவரை உரசிக்கொண்டு போகும்போது, ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழுந்து வரிகள் எழுந்து நிற்கும். கோயில் கிழக்கு நோக்கியது. ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தென்கிழக்கில் உதிப்பதால் காலை வெயில் விமானத்தின் தெற்குச் சுவரை உரசும். சித்திரை முதல் ஆவணி வரை வடகிழக்கில் உதிப்பதால் வடக்குச் சுவருக்கு அந்த வெளிச்சம் கிடைக்கும். ஆகவே மார்கழியில் போகிறவர்கள் ஏழு மணி வாக்கில் தெற்குப் பக்கம் நில்லுங்கள்.

அப்படியே மேற்குப் பிராகாரத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். காலையில் அந்த நிழல் அங்கே நீளமாகக் கிடக்கும். அதையும் ஒரு படம் எடுத்து, நம்புகிறவர்களுக்கு அனுப்புங்கள். ராஜராஜனின் பெருமைக்கு இந்தக் கதை தேவையே இல்லை. அவன் எழுதி வைத்தது போதும்.

தன் ஆட்சியின் 26ஆம் ஆண்டு, 20ஆம் நாள், அரண்மனையின் திருமஞ்சன சாலையில் இருந்தபடி அவன் ஓர் ஆணை இட்டான். தான் கொடுத்தவை, தன் அக்கன் குந்தவை கொடுத்தவை, தன் தேவியர் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை என எல்லாவற்றையும் விமானத்துக் கல்லிலே வெட்டச் சொன்னான். கலசத்துக்குக் கொடுத்த செப்புக் குடத்தின் எடையும் அதன்மேல் போர்த்திய பொன்னின் எடையும் தனித்தனியாக இருக்கின்றன. கோயிலுக்குக் கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. யார் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் உண்டு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் பெயரும் இந்தக் கல்லில்தான் கிடைத்தது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு ஊரின் கணக்குப் புத்தகம் இது.

இந்த எழுத்துகளை முதலில் விரிவாகப் படம் பிடித்தவர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். 1858இல் மெழுகு பூசிய காகித நெகடிவ்களோடு தஞ்சாவூர் வந்தார். விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படச்சுருளாக்கினார். மறு ஆண்டே, செலவு அதிகம் என்று ஆளுநர் ட்ரெவெல்யன் அந்தப் பணியை நிறுத்திவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். ட்ரைப் படமெடுத்த நாளில் இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதே உறுதியாகவில்லை. கரிகாலன் கட்டியது என்று தலபுராணம் சொன்னது. 1886இல் அரசின் கல்வெட்டு ஆய்வாளராக வந்த ஹுல்ஷ், அதே எழுத்துகளைப் படித்துத்தான் கட்டியவன் ராஜராஜன் என்று நிறுவினார். 1891 முதல் அந்தப் பாடங்கள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் அச்சேறின. படித்துப் பொருள் சொல்ல ஆள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒருவர் எழுத்துகளைப் படத்தில் காப்பாற்றி வைத்திருக்கிறார். உங்கள் போனும் அதைச் செய்ய முடியும்.

அதற்குச் சில குறிப்புகள். சுவருக்கு நேராக நின்று எடுங்கள். இடமிருந்து வலமாக நகருங்கள். ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்திலும் வரட்டும். பிளாஷ் வேண்டாம், அது நிழலைக் கொன்று எழுத்தை மறைத்துவிடும். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸோ மாவோ தேய்க்கவே கூடாது. முக்காலி கொண்டுபோனால் தொல்லியல் துறையிடம் முன் அனுமதி வாங்க வேண்டும்.

பெரிய கோயில் கல்வெட்டுகள் அச்சில் பத்திரமாக இருக்கின்றன. என் கவலை உங்கள் ஊர்க் கோயிலைப் பற்றியது. திருப்பணி என்ற பெயரில் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து, எழுத்தெல்லாம் மழுங்கிப்போன சுவர்கள் நம் நாட்டில் எத்தனையோ. சில இடங்களில் சிமெண்ட் பூசிவிட்டார்கள். சில இடங்களில் தரையை உயர்த்தியதில் அடிவரிகள் புதைந்துவிட்டன. போன கல்வெட்டைத் திரும்ப வெட்ட யாராலும் முடியாது.

எனவே தஞ்சாவூரில் பழகிக்கொண்டு, ஊருக்குத் திரும்பியதும் ஒரு காலை நேரத்தை உங்கள் கோயில் சுவருக்கு ஒதுக்குங்கள். எந்தச் சுவர், எந்தத் தேதி என்று குறித்து வையுங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எடுத்து வையுங்கள், படிக்கத் தெரிந்தவர் பின்னால் வருவார்.